சைரனுக்குக் கடலுக்கு ஓடும் ஊரில் ஓர் ஊர்க்காவல்

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வவுனியாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று பிறருடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பதாலோ என்னவோ, விடுமுறை என்றதும் கால் தரையில் நிற்பதில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்லுவார். இந்த வைகாசியில் சனி ஞாயிறோடு பௌர்ணமிப் போயா விடுமுறையும் சேர்ந்து வந்தது. சக்கரம் உருளத் தொடங்கிவிட்டது.

திருகோணமலைக்குப் போகிறவர்கள் எனக்கு எழுதிக் கேட்பது மூன்றே இடங்களைப் பற்றித்தான்: கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு. மூன்றையும் பற்றி முன்பே எழுதிவிட்டேன். இந்தமுறை போனது வேறு காரணத்துக்கு. என்னோடு வேலைசெய்யும் பிள்ளையின் மச்சாள் தவமணி, நகரத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில் இருக்கிறார். அந்த ஊர் அம்மன் கோவிலில் வருடாவருடம் ஊர்க்காவல் நடக்கும். பறை முன்னே போக, பூசாரியார் கும்பத்தைத் தலையில் வைத்து ஊரைச் சுற்றிவந்து காவல் கட்டும் சடங்கு அது. இந்த வருடம் அதன் வழி மாறப்போகிறது என்று தவமணி அக்கா தொலைபேசியில் சொன்னார். “வந்து பாருங்கோ தங்கச்சி. நடக்குதோ, குழம்புதோ, எனக்குத் தெரியாது.” குழம்பக்கூடும் என்ற பேச்சுத்தான் என்னைப் பஸ் ஏற்றியது. ஒளிப்பானேன்?

வவுனியாவிலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ். நானூற்றிருபது ரூபா. ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். வலப்பக்க யன்னலோரம் இருங்கள். இடப்பக்கம் இருந்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும். நான் இடப்பக்கம் இருந்தேன். பஸ் நின்ற இடமெல்லாம் புழுதி உள்ளே வந்து ஏறியது, இறங்கத்தான் இல்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் திருகோணமலை. பஸ் நிலையத்துக்கு அருகே மான்கள் வழக்கம்போல ஒருவரையும் மதிக்காமல் கடதாசி தின்றுகொண்டு நின்றன. இடியப்பம், சம்பல், சொதி, ஒரு வெறுந்தேத்தண்ணி, எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபா. நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் என்றார்கள். எழுபது ரூபாவுக்குப் போயிருக்கலாம். பொறுக்க முடியாமல் தொள்ளாயிரம் கொடுத்து ஓட்டோ பிடித்தேன். நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம்.

ஓட்டோக்காரர் கிண்ணியாக்காரர், நஸீர் என்று பெயர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஊரின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

“போன முறை சுனாமி ஒத்திகைக்கு சைரன் அடிச்சாங்க. மேட்டுக்கு ஓடுங்க எண்டா கடலுக்கு ஓடின ஆக்கள் அவங்க.”

“உண்மையா நானா?”

“கேட்டுப் பாருங்க. சிரிக்கவும் ஏலாதுதான். எங்கட ஆக்கள் மட்டும் என்ன? வீட்டுல தண்ணி ஏறினா முதல்ல மாட்டத்தான் அவுப்பாங்க.”

ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று தவமணி அக்கா பிறகு கேட்டுக்கொண்டார். கோவிலில் இன்னும் கோபம் ஆறாதவர்கள் இருக்கிறார்கள். சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் என்பது போதும். கிழக்கே கடல், மேற்கே பிரதான வீதி, நடுவில் மணல் ஒழுங்கைகள், ஒரு கோவில், கரையோரம் சில கத்தோலிக்கக் குடும்பங்கள், அவர்களுக்கு ஒரு சின்னச் சிற்றாலயம். வீதியைத் தாண்டினால் தண்ணீர்த் தாங்கி நிற்கும் ஒரு பாறைமேடு. ஊரில் உயரமான இடம் அது ஒன்றுதான்.

தவமணி அக்காவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார், ஊரின் அனர்த்தக் குழுவுக்குச் செயலாளர். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு அவர் இருக்கவேயில்லை. குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே கதைத்தார். என்னைப் போல இன்னொருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏன் அக்கா கடலுக்கு ஓடினவை?”

“வள்ளத்தின்ர எஞ்சினைக் கழட்ட. சைரன் எண்டா கடல் பொங்குது எண்டு அர்த்தம். கடல் பொங்கினா இவையின்ர கைக்குத் தெரிஞ்ச ஒரே வேலை வள்ளத்தை மேல இழுக்கிறது. ஆரும் யோசிச்சு ஓடேல்ல.”

அந்தக் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. “கை குடுங்கோ” என்று குரல் கேட்டால், கூப்பிட்டவர் யாராக இருந்தாலும், முதல்நாள் சண்டை பிடித்தவராக இருந்தாலும், ஓடிவந்து கயிற்றில் கை வைக்கவேண்டும். படகின் சொந்தக்காரர் கயிற்றை விடும்வரை வேறு யாரும் விடக்கூடாது. சாதி, கோவில், தேவாலயம் எதுவும் அந்தக் கயிற்றில் இல்லை. இந்த வழக்கம் இல்லாவிட்டால் அங்கே ஒருவராலும் தொழில் செய்ய முடியாது. ஒத்திகையன்று ஒரு சொந்தக்காரர் ஓடியிருக்கிறார், அவர் கயிற்றுக்கு இருபது பேர் ஓடியிருக்கிறார்கள், அப்படியே கரை நிறைந்துவிட்டது. ஊரைத் தாங்கிநிற்கும் நல்ல பழக்கமே சைரன் நேரத்தில் ஊரைக் கொல்லப் பார்க்கிறது.

“சுனாமிக்கு என்ர அப்பாவும் அப்பிடித்தான் போனவர்,” என்றார் தவமணி அக்கா. “எஞ்சின் கிடைச்சது. அப்பா கிடைக்கேல்ல.” சொல்லிவிட்டுக் குழம்புச்சட்டியை இறக்கப் போய்விட்டார்.

அவருடைய கணவர் யோகராசா அண்ணைக்கும் ஒரு படகு இருக்கிறது. ஒத்திகையன்று முதலில் ஓடிய சொந்தக்காரர் அவர்தான். அக்கா இரண்டு பிள்ளைகளோடு மேட்டில் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே யோசனை. சைரனுக்குத் திரும்பாத ஆண்கள் எதற்குத் திரும்புவார்கள்? ஊர்க்காவல் நாளில் ஒரு படகும் கடலுக்குப் போகாது. பறை எங்கே நடக்கிறதோ அங்கே ஊர் முழுவதும் நடக்கும், கத்தோலிக்கக் குடும்பங்கள் உட்பட. அவர்கள் கும்பத்தைத் தொடமாட்டார்கள், ஆனால் பின்னால் நடப்பார்கள். ஒரே ஒரு சிக்கல்: ஊர்க்காவல் முடிவது கடற்கரையில். தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வெட்டிக் கடலில் போட்டு, அங்கேயே இருந்து பொங்கல் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். அதை மேட்டில் முடிக்கவேண்டும் என்று அக்கா கோவில் சபையில் கேட்டிருக்கிறார். கால் ஒருமுறை அந்த வழியைப் பழகிவிட்டால் போதும் என்பது அவருடைய வாதம்.

சபையில் மூன்று கூட்டம் சண்டை. கடலைப் பார்த்து முடிக்கிற காவலைப் பாறையில் முடித்தால் கடல் கோவிக்கும் என்றார்கள். கடைசியில் பூசாரியார்தான் வழிவிட்டிருக்கிறார். “கடலுக்குக் குடுக்கிறதைக் கடலுக்குக் குடுப்பம். அம்மாள் அங்கயே நிக்கவேணும் எண்டு சட்டம் இல்லை.” சபைத் தலைவர் ஒரு வருடத்துக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஆண்கள் கரையிலேயே நின்றுவிட்டால் அடுத்த வருடம் பழைய வழி. அதற்குப் பிறகு இந்தக் கதையை யாரும் எடுக்கக்கூடாது.

“உங்கட அவர் என்ன சொல்லுறார்?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் பயம்.”

மதியம் சோறும் மரக்கறிக் குழம்பும், சடங்கு நாள் என்பதால் மீன் இல்லை. சாப்பிட்டதும் எல்லோரும் கண்ணயர, எனக்கு இருக்க முடியவில்லை. கரையிலிருந்து மேட்டுக்கு நடந்து பார்த்தேன். ஒரு கிலோமீற்றர் தூரம், மணலில் கால் புதைவதால் பதினைந்து நிமிடம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் இருபது ஆகும் என்று எனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஏன் அந்தக் கணக்கைப் பார்த்தேன் என்று எரிச்சல் வந்தது. காற்று முகத்துக்கு எதிரே தள்ளிக்கொண்டே இருந்தது. கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பது. திரும்பிக் கரைக்கு நடக்கும்போது அது என்னையே கடலுக்குள் அனுப்பப் பார்த்தது.

கரையில் யோகராசா அண்ணை நின்றார். மற்றப் படகுகளை மதியமே மேலே இழுத்துவிட்டிருந்தார்கள். அவருடையதும் இன்னும் இரண்டும் மட்டும் ஆழமில்லாத நீரில் நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

“நீங்கள் இண்டைக்கு மேட்டுக்குப் போவியளோ அண்ணை?”

“போகலாம். போகாமலும் விடலாம்.” படகுப் பக்கம் கையைக் காட்டினார். “வள்ளத்தை விட்டிட்டு மேட்டில போய் உயிரோட நிண்டா, அடுத்த நாள் என்ன செய்யிறது தங்கச்சி? அதையும் அவவிட்ட ஒருக்காக் கேளுங்கோ.”

அவர் கேட்டதில் பிழை இல்லை. அதுதான் என்னை மேலும் அந்தரப்படுத்தியது.

மாலை நாலரைக்குப் பறை தொடங்கியது. அடித்தவர் செல்வராசா அண்ணை. பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வாசல்களில் நிறைகுடம், குத்துவிளக்கு. காற்றில் ஒரு விளக்கும் நிற்கவில்லை. கொளுத்தக் கொளுத்த அணைந்தது. வேப்பிலை செருகிய கும்பத்தோடு பூசாரியார் வேகமாக நடந்தார். மூலைக்கு மூலை ஒரு தடி நட்டு வேப்பங்கொத்துக் கட்டினார்கள். அக்கா கூட்டத்தின் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய கண் அம்மனில் இல்லை, ஆண்களின் தலைகளில் இருந்தது.

ஐந்தேகாலுக்குக் கரை. பூசாரியார் தேசிக்காயை வெட்டிக் கடலில் போட்டார். வழமையாக இந்த இடத்தில் பறை நிற்கும், சனம் மணலில் குந்தும். பழக்கத்தில் பலர் குந்தியே விட்டார்கள். பூசாரியார் குந்தவில்லை. கும்பத்தோடு மேற்கே திரும்பினார். செல்வராசா அண்ணை தாளத்தை மாற்றி ஓங்கி அடித்தபடி ஒழுங்கைக்குள் நடக்கத் தொடங்கினார். குந்தியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். முணுமுணுப்போடுதான். ஆனாலும் எழும்பினார்கள். எனக்கு அப்போதே கை தட்டவேண்டும் போல இருந்தது.

ஒழுங்கையில் கொஞ்சத் தூரம்கூடப் போகவில்லை. பின்னால் ஒரு குரல். “வள்ளம் போகுது. யோகராசான்ர வள்ளம். கை குடுங்கோ.”

கச்சான் ஓங்கி அடித்ததில் நங்கூரம் இழுபட்டுப் படகு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ஊர்வலத்தின் பின்பாதி அப்படியே திரும்பி ஓடியது. யோகராசா அண்ணை எல்லோருக்கும் முன்னால் இடுப்பளவு நீரில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் இருபது, முப்பது பேர். ஒருவர் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு ஓடினார். அன்று காலையில் கதையாகக் கேட்டதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பறை நின்றுவிட்டது. செல்வராசா அண்ணை பூசாரியாரைப் பார்த்தார், பூசாரியார் தவமணி அக்காவைப் பார்த்தார். போவது அக்காவின் சொந்தப் படகு. பிள்ளைகள் படிப்பதும் அடுப்பு எரிவதும் அந்தப் படகை நம்பித்தான். அவர் நிற்கச் சொன்னால் எல்லோரும் நின்றிருப்பார்கள், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

“அடியுங்கோ அண்ணை,” என்றார் அக்கா. “நிக்காதேங்கோ. நடவுங்கோ.”

பறை மறுபடி ஒலித்தது. பெண்களும் பிள்ளைகளும் அதன் பின்னால் போனார்கள். நான் ஒழுங்கை வாசலில், இரண்டு பக்கமும் தெரியும் இடத்தில் நின்றேன். யாருக்குப் பின்னால் போவது என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் மேற்கே தூரமாகிக்கொண்டு போனது. நீரில் நின்ற யோகராசா அண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். படகைப் பார்த்தார். மறுபடி திரும்பினார். கயிறு இப்போது அவர் கையில் இருந்தது. எறிந்தால் எட்டியிருக்கலாம், எட்டாமலும் போயிருக்கலாம்.

கயிற்றைக் கீழே விட்டார்.

“போதும். விடுங்கோ,” என்றார் மற்றவர்களிடம். “மேல போங்கோ.”

முதலில் ஒருவரும் அசையவில்லை. அவர் இடுப்பிலிருந்த ஈரச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஒழுங்கைக்குள் நடந்தார். சொந்தக்காரர் கயிற்றை விட்டபிறகு மற்றவர்களுக்கு அங்கே நிற்க நியாயம் இல்லை. ஒவ்வொருவராக நீரைவிட்டு ஏறினார்கள். மற்ற இரண்டு படகுகளின் சொந்தக்காரரும் வந்தார்கள். ஓடவில்லை, நடந்தார்கள், ஆனால் வந்தார்கள். நான் அழுதுகொண்டு பின்னால் நடந்தேன். காற்றுக்குக் கண்ணில் மணல் என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

மேட்டில் கும்பத்தை இறக்கி, கடைசி வேப்பங்கொத்தைத் தண்ணீர்த் தாங்கியின் அருகே கட்டியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கடலில் படகு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. யோகராசா அண்ணை நேரே வந்து மனைவி பக்கத்தில் நின்றார். நான் அருகில்தான் நின்றேன். நாகரிகம் கருதித் தள்ளிப் போயிருக்கவேண்டும், போகவில்லை.

“என்னெண்டு வந்தனீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“பறை மேல போகுது, பின்னால ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை. அம்மாளைத் தனிய அனுப்பிப்போட்டு நிக்க ஏலாமல் போச்சு.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். “சைரன் அடிச்ச அண்டைக்கு நானும் பிள்ளையளும் தனியத்தான் வந்தனாங்கள்.”

பொங்கல் வாழையிலையில் கைக்குக் கை வந்தது. அவர் வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார். பிறகு மெதுவாக, “ஓம்,” என்றார். “அடுத்த முறையும் பறையை அடியுங்கோ. சைரனுக்கு என்ர கால் திரும்பாது. எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலையில் நிலாவெளிப் பக்கத்துப் படகுக்காரர்கள் யோகராசா அண்ணையின் படகைக் கண்டு கட்டிவைத்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. எஞ்சின் இருந்தது, ஒரு வலை போய்விட்டது. கடல் கோவித்ததால்தான் நங்கூரம் இழுபட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மன் பார்த்துத்தான் படகைத் திருப்பித் தந்தது என்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வருடமும் மேடுதான் என்று தலைவர் சொல்லிவிட்டார். தவமணி அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. “ஒருக்கா வந்தவர். ஒருக்காத்தானே,” என்றார் என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது.

கலையும் பண்பாடும் ஊரைக் காப்பாற்றும் என்று மேடைகளில் கேட்டால் எனக்குக் கொட்டாவி வரும். மேடை முடிந்ததும் பொன்னாடையை மடித்துக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். இங்கே பார்த்தது வேறு. சைரன் வெளியிலிருந்து வந்தது. அதற்கு ஊர் என்ன செய்யவேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. பறைக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒருவரும் எழுதிவைக்கத் தேவையில்லை. அதே நேரம் கயிறும் அவர்களுடைய பண்பாடுதான், அதுதான் அவர்களைக் கடலுக்கு இழுத்தது. ஒன்றை விடச்செய்ய இன்னொன்று தேவைப்பட்டது. அடுத்தமுறை எது வெல்லும் என்று எனக்குத் தெரியாது. வவுனியா திரும்பும்வரை அதே யோசனைதான், இடப்பக்கமா வலப்பக்கமா இருந்தேன் என்றுகூட நினைவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அந்தப் பக்கத்து அம்மன் கோவில்களின் சடங்குகள் பெரும்பாலும் வைகாசி, ஆனி, ஆடியில் வரும். நாள் முன்கூட்டியே இணையத்தில் கிடைக்காது, நகரத்துப் பூக்கடைகளில் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். தங்குவதற்கு உப்புவெளியில் நாலாயிரம் ரூபாவிலிருந்து அறை உண்டு. இருட்டினால் பஸ் குறைவு. திரும்பும் வழியை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காவலில் கும்பத்துக்கு முன்னால் போய்ப் படம் எடுக்கவேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், மணல் சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இன்னொன்று. கடற்காற்றில் பறையின் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டாமல் அடித்தால் அடுத்த ஒழுங்கைக்கே கேட்காது. தண்ணீர் வந்து சைரனோடு பறையும் அடிக்கவேண்டிய நேரத்தில் யார் நெருப்பு மூட்டுவது? அதனால் இப்போது செல்வராசா அண்ணை ஒவ்வொரு மாலையும் வேலையால் வந்ததும் தென்னோலை கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சரிதானா என்று பார்க்க இரண்டு அடி அடித்துவைக்கிறார் என்று போன கிழமை அக்கா சொன்னார். நீங்கள் அந்தக் கரையில் மாலையில் நின்றால் அது கேட்கும். இரண்டோடு நின்றுவிட்டால் ஒன்றுமில்லை, தேத்தண்ணியைக் குடியுங்கள். நிற்காமல் தொடர்ந்து கேட்டால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு மேற்கே நடங்கள். வழியில் யோகராசா அண்ணையைக் கண்டால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.